விடுமுறை உண்டு, ஞாயிறு உண்டா?



இவ்வாண்டு நம் பங்கில் எல்லார் வாயிலும் இருக்கும் சொல் யூபிலி. கொடியேற்றமும், நன்றித் திருப்பலியும், பொது அசனமும், இந்த மலரும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கின்றன. ஆனால் யூபிலி ஆண்டை நம் விசுவாச முன்னோர் எப்படி எண்ணினார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏழு நாட்களில் ஒன்று மனிதனுக்கு ஓய்வு நாள். ஏழு ஆண்டுகளில் ஒன்று நிலத்துக்கு ஓய்வு ஆண்டு. ஏழு முறை ஏழாக நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின் வரும் ஐம்பதாம் ஆண்டு யூபிலி. அன்று ஆட்டுக்கடாவின் கொம்பு முழங்கும்; அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான்; விற்றுப்போன காணி உரியவன் கைக்கு வரும்.

ஆக, யூபிலி என்னும் மரம் ஓய்வு நாள் என்னும் விதையிலிருந்து முளைத்தது. வாரத்தின் ஒரு நாளைக் கடவுளுக்கென்று வைக்கத் தெரியாத மக்களுக்கு ஐம்பதாம் ஆண்டை எண்ணவும் தெரியாது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு அந்த நாள் ஞாயிறு, ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள்.

இன்று நம் காலத்தின் பெரும் நோய் ஆன்ம வெறுமை என்று அறிஞர் பலர் சொல்லுகின்றனர். வீட்டில் பொருள் இருக்கிறது. உள்ளத்தில் நிறைவு இல்லை. இந்த வெறுமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதி ஞாயிற்றுக்கிழமையின் சரித்திரம்.

விடுமுறை இல்லாத ஞாயிறு

முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிறு விடுமுறை நாளாக இருந்ததில்லை என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். உரோமைப் பேரரசில் அது ஒரு சாதாரண வேலைநாள். கிறிஸ்தவர்களில் பலர் அடிமைகள். எசமானர் சொன்ன வேலையைச் செய்தே ஆக வேண்டியவர்கள். கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி தம் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். ஆகவே இருட்டிலேயே கூடினார்கள்.

கி.பி. 150ஐ ஒட்டி உரோமையில் வாழ்ந்த புனித யுஸ்தீன் அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். மறைநூல் வாசிப்பு, தலைவரின் மறையுரை, பொது மன்றாட்டு, அப்பமும் இரசமும், நற்கருணை. வர இயலாதவர்களுக்குத் தியாக்கோன்கள் நற்கருணையைக் கொண்டுபோனார்கள். வசதியுள்ளோர் கொடுத்த காணிக்கை அனாதைகளுக்கும், கைம்பெண்களுக்கும், நோயாளிகளுக்கும், சிறைப்பட்டோருக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று நம் பங்கில் நடக்கும் திருப்பலிக்கும் அதற்கும் அமைப்பில் எவ்வளவு ஒற்றுமை!

கி.பி. 304இல் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா என்னும் ஊரில் 49 பேர் ஞாயிறு வழிபாட்டுக்காக ஒரு வீட்டில் கூடியபோது பிடிபட்டார்கள். தியோக்கிளேசியன் பேரரசன் அத்தகைய கூட்டங்களைத் தடைசெய்திருந்த காலம் அது. கார்த்தேஜ் நகரில் விசாரணை நடந்தது. வீட்டுக்காரரான எமெரித்துஸ், ஞாயிறு வழிபாடு இல்லாமல் தங்களால் இருக்க முடியாது என்று மட்டும் விடை கூறினார். அந்த விடைக்காக அவர்கள் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

அதன்பின் 17 ஆண்டுகள் சென்று, 321இல், கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றைச் சட்டப்படி ஓய்வு நாளாக்கினார். நீதிமன்றங்களும் நகரத்துத் தொழில்களும் நின்றன. உழவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இந்த வரிசையை நாம் மறக்கலாகாது. முதலில் நிறைவு வந்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்தே விடுமுறை வந்தது.

ஞாயிற்றை அழித்துப் பார்த்தவர்கள்

பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் பிரான்சு நாட்டில் ஒரு சோதனை நடந்தது. 1789இல் தொடங்கிய புரட்சிக்குத் தக்க காரணங்கள் இருந்தன. ஏழைகள் பட்ட துன்பம் பொய்யன்று. ஆனால் 1793ஆம் ஆண்டு புரட்சியாளர் காலக்கணக்கிலேயே கை வைத்தார்கள். ஏழு நாள் வாரத்தை நீக்கிப் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார்கள். பத்தாம் நாளே ஓய்வு. புனிதர்களின் பெயர்கள் இருந்த நாட்களுக்குச் செடிகள், விலங்குகள், உழவுக் கருவிகள் ஆகியவற்றின் பெயர்கள் இடப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பாரீஸ் மாநகரின் நோத்ருதாம் பேராலயத்தில் பகுத்தறிவுத் திருவிழா கொண்டாடப்பட்டது. 1798இல் பத்தாம் நாளைக் கட்டாயம் அனுசரிக்கச் சட்டமும் வந்தது.

விளைந்தது என்ன? உழைப்பாளிக்கு மாதம் நான்கு ஓய்வு நாள் போய் மூன்றே மிஞ்சியது. கிராமத்து மக்களோ ஞாயிற்றை விடவில்லை. குருவானவர் இல்லாத ஊர்களில் பள்ளி ஆசிரியரோ வேறொரு பெரியவரோ முன்னின்று செபங்களைச் சொல்ல, மக்கள் பூசைப் பாடல்களைப் பாடினார்கள். அப்பம் இல்லை, இரசம் இல்லை, குருவும் இல்லை. ஆனால் ஞாயிறு இருந்தது! 1806ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு நெப்போலியன் அந்தப் புதிய நாட்காட்டியை முடிவுக்குக் கொண்டுவந்தார்.

இதைவிடக் கடுமையான சோதனை 1929இல் சோவியத் ரஷ்யாவில் நடந்தது. இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஐந்து நாள் வாரம் ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்து, பிரிவுக்கொரு நாள் ஓய்வு என்றார்கள். எந்த நாளிலும் ஐந்தில் நான்கு பேர் வேலையில் இருப்பார்கள். உண்மையில் அங்கே ஓய்வு நாட்கள் கூடின, குறையவில்லை. ஆயினும் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைக்கு வேறொரு நாள். சேர்ந்து உண்ண முடியாத ஓய்வு என்ன ஓய்வு என்று தொழிலாளர்களே முறையிட்டார்கள். 1931இல் அதை ஆறு நாள் வாரமாக மாற்றினார்கள். கடைசியில் 1940 சூன் மாதம் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்பி வந்தன. ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வழங்கும் பெயரின் பொருள் உயிர்த்தெழுதல் என்பதாகும். கடவுள் இல்லை என்ற அரசு, உயிர்ப்பின் பெயர் தாங்கிய நாளையே மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

ஏழையின் ஞாயிறு

நாத்திகம் மட்டுமே ஞாயிற்றைப் பறித்தது என்று எண்ணிவிட வேண்டாம். பேராசையும் பறித்திருக்கிறது. நம் நாட்டில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வார விடுமுறையே இல்லாமல் உழைத்தார்கள். அவர்களுக்காக 1884 முதல் குரல் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஏழையின் களைப்பை அறிந்தவர். 1890இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டே, 1891இல், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வு உழைப்பாளியின் உரிமை என்றும், அதைக் கடவுளை நினைக்கும் ஓய்வாகக் கொள்ள வேண்டும் என்றும் கற்பித்தார்.

இது புதிய போதனையன்று. இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வு நாள் கட்டளைக்குக் காட்டப்படும் காரணம், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதே. ஆகவே வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்வு பெற வேண்டும்.

கூட்டிப் பெருக்கிய வீடு

சட்டம் ஞாயிற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். நிறைவைக் கொடுக்க அதனால் இயலாது. ஆர்ஸ் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. 1818ஆம் ஆண்டு பெப்ருவரியில் புனித ஜான் மரிய வியான்னி அங்கே பொறுப்பேற்றபோது ஊரில் சுமார் 230 பேர் இருந்தார்கள். அவர் புரட்சிக் காலத்துக் குழந்தை. 1799இல் அவர் புதுநன்மை வாங்கியது மூடிய சன்னல்களுக்குப் பின்னால். உள்ளே எரியும் மெழுகுதிரி வெளியே தெரியாதபடி வைக்கோல் வண்டிகளை நிறுத்தி மறைத்திருந்தார்கள். இப்போது கோவில் திறந்திருந்தது. எந்தக் காவலனும் தடுக்கவில்லை. ஆயினும் ஆர்ஸ் மக்கள் ஞாயிறன்று வயலுக்குப் போனார்கள், பின்பு மதுக்கடைக்கும் நடனத்துக்கும் போனார்கள். அவர்கள் கடவுளைப் பகைக்கவில்லை, மறந்திருந்தார்கள்.

வியான்னியார் கையில் சட்டம் இல்லை. அவர் விடியுமுன் நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிட்டார், வீடுவீடாகச் சென்றார், ஞானோபதேசம் கற்பித்தார், 1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆண்டுகள் பல ஆயின. மதுக்கடைகள் மூடின, ஞாயிறு திரும்பியது. 1859இல் அவர் இறக்கும்போது பிரான்சு முழுவதிலிருந்தும் மக்கள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்துகொண்டிருந்தார்கள். 1929இல் அவர் உலகப் பங்குக் குருக்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

நிறைவு திரும்பாத இடத்தில் என்ன நேரும்? 1919இல் புடாபெஸ்ட் நகர மருத்துவர் சாண்டோர் ஃபெரென்சி ஒரு வினோதமான நோயைப் பற்றி எழுதினார். வார நாட்களில் நலமாயிருக்கும் சிலருக்கு ஞாயிறு வந்தால் தலைவலியும் வயிற்றுக்கோளாறும் மனச்சோர்வும் வந்தன. பிற்காலத்தில், நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் அதே ஞாயிறு நோய்க்கு ஒரு விளக்கம் தந்தார். வாரம் முழுவதும் ஓடும் ஓட்டம் நின்றவுடன், தன் வாழ்வுக்குப் பொருளில்லை என்பது மனிதனுக்குத் தெரிந்துவிடுகிறது என்றார். வேலை அந்த வெறுமையை மறைத்து வைத்திருந்தது; விடுமுறை அதைத் திறந்து காட்டிவிட்டது.

ஆண்டவர் இதையே ஓர் உவமையாகச் சொன்னார். அசுத்த ஆவி விட்டுப்போன வீடு கூட்டிப் பெருக்கி ஒழுங்காக இருந்தது. ஆனால் வெறுமையாய் இருந்தது. ஆகவே அந்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்து குடியேறிற்று. வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்துவிடாது. நல்லது நிரம்பாவிட்டால் வேறொன்று நிரம்பும்.

நம் பங்கில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பாட்டன் பாட்டிகள் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல், சூள் விளக்கோடு கிளைக் கிராமங்களிலிருந்து நடந்து வந்து நன்மை வாங்கினார்கள். 1953இல்தான் அந்த நோன்பு விதி தளர்த்தப்பட்டது. அவர்களில் பலருக்கு ஞாயிறு கூலி இழப்பு நாள், இருந்தும் வந்தார்கள். இன்று நமக்கு விடுமுறை இருக்கிறது, வாகனம் இருக்கிறது, சனி மாலைத் திருப்பலியும் இருக்கிறது. ஞாயிறு காலையோ தனிப்பயிற்சி வகுப்புக்கும், கைபேசிக்கும், சனி இரவு முடியாத தூக்கத்துக்கும் போய்விடுகிறது. எந்தப் பேரரசனும் தடை போடவில்லை. எந்தப் புரட்சியும் நாட்காட்டியை மாற்றவில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து பேரும் ஐந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், 1929இன் ஐந்து நிறப் பிரிவுகளை நாமே விரும்பி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் தாதியரையும், பேருந்து ஓட்டுநரையும், முறைவேலைக்குப் போகும் ஆலைப் பிள்ளைகளையும் நாம் குறை கூறவில்லை. அவர்களுக்காகத்தான் யுஸ்தீன் காலத்துத் தியாக்கோன்கள் நற்கருணையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நம் பங்கில் கடையும் பட்டறையும் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்பவர் எம்மதத்தவராயினும், வாரத்தில் ஒரு நாளை அவருக்கு முழுமையாக விடுங்கள்; கிறிஸ்தவராயின் ஞாயிறு காலையை விடுங்கள். யூபிலி ஆண்டின் கொம்பு முதலில் முழங்கியது உழைப்பாளிக்காகத்தான். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக ஞாயிறு காலையை விற்காதீர்கள். திருப்பலிக்குப் பின் ஒரு வேளை உணவையாவது குடும்பமாய் உட்கார்ந்து உண்ணுங்கள்; படுக்கையில் கிடக்கும் ஒருவரையாவது போய்ப் பாருங்கள்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1247ஆம் எண், ஞாயிறன்று திருப்பலியில் பங்குபெறவும், வழிபாட்டுக்கும் அந்த நாளின் மகிழ்ச்சிக்கும் ஓய்வுக்கும் தடையான வேலைகளை விலக்கவும் கேட்கிறது. மகிழ்ச்சி என்னும் சொல்லும் அந்தச் சட்டத்தில் இருப்பதைக் கவனிப்போம். ஞாயிறு ஒரு வரி அன்று; தந்தை தம் பிள்ளைகளுக்குக் கொடுத்த கொடை.

ஐம்பது ஆண்டுகள் என்றால் இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட ஞாயிறுகள். நம் பங்கைக் கட்டியவை கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, அந்த ஞாயிறுகளுமே. அடுத்த ஐம்பதின் முதல் ஞாயிறு வருகிறது. அன்று காலை மணி அடிக்கும்போது நம் வீடுகள் நிறைந்திருக்கவும், அந்த நிறைவோடு நாம் கோவிலுக்கு வரவும் உயிர்த்த ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக!