சிலூயெட்: ஒரு நிதியமைச்சரின் நிழல்

உருவத்தின் விளிம்பை மட்டும் காட்டி, உள்ளே கருமை நிரப்பிய படத்துக்குப் பிரெஞ்சில் ‘சிலூயெட்’ என்று பெயர். தமிழில் நிழலுரு என்கிறோம். சிலூயெட் என்பது ஓர் ஆளின் குடும்பப் பெயர். அதன் வேர் பாஸ்க் மொழியில் இருக்கிறது.

எத்தியென் தெ சிலூயெட், 1759 மார்ச்சில் பதினைந்தாம் லூயி மன்னரின் நிதிப் பொறுப்பாளரானார். அரசரின் காதலி மதாம் தெ பொம்பதூரின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஏழாண்டுப் போரில் கஜானா காலி. அவர் செல்வர்களின் ஆடம்பரத்துக்கு வரி போடத் துணிந்தார். பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? நவம்பரிலேயே பதவி போயிற்று. கேலி மட்டும் போகவில்லை: பை வைக்காத காற்சட்டைக்கும், கஞ்சத்தனமான எதற்கும் ‘சிலூயெட் பாணி’ என்று பாரிஸ் பெயர் சூட்டியது. ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் கறுப்புத் தாளில் வெட்டுவித்த மலிவான முகப்படமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

அவரே இப்படிப் படம் வெட்டி மாளிகைச் சுவரை அலங்கரித்தார் என்றும் ஒரு கதை உண்டு. கேலிக் கதைதான் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. வரியில் தோற்ற சிலூயெட் 1767இல் இறந்தார்.