திருமணச் சுவரும் திருமணக் கடனும்: வார்லி ஓவியத்தின் உழைப்பு வரலாறு



நிலமும் கூலியும் சாதியும் பேசப்பட்டுவரும் இந்த நினைவு மேடையில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நிலத்தையும் கூலியையும் பேசுவதற்காகவே நாம் இன்று ஓவியத்தை எடுத்துக்கொள்கிறோம்.

வார்லி ஓவியத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. செம்மண் நிறச் சுவர், அதன்மேல் வெள்ளைக் கோட்டில் சின்னச் சின்ன மனிதர்கள். இரண்டு முக்கோணங்கள் நுனியில் முட்டிக்கொண்டால் அது ஓர் உடல். அந்த உடல்கள் ஏர் ஓட்டுகின்றன, நாற்று நடுகின்றன, கதிர் அடிக்கின்றன, வலை வீசுகின்றன. பக்கத்திலேயே மயில், மான், பாம்பு, நண்டு, எறும்பு வரிசை. மரங்களுக்கிடையில் ஒரு புலி. புடவை முந்தானையில், தேநீர்க் கோப்பையில், நட்சத்திர விடுதியின் வரவேற்பறையில், பள்ளிக்கூட மதில் சுவரில் இந்தப் படங்கள் வந்துவிட்டன. கூடவே ஒரு விளக்கமும் வந்துவிட்டது: இயற்கையோடு இணைந்த எளிய மக்களின் கவலையற்ற வாழ்க்கை என்று.

அந்தக் ‘கவலையற்ற’ என்ற சொல்லைத்தான் நாம் இன்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சுவர் எழுதும் பெண்கள்

வார்லிகள் மகாராஷ்டிரத்தின் வடமேற்கு மூலையிலும், அதை ஒட்டிய குஜராத், தாத்ரா நாகர் ஹவேலிப் பகுதிகளிலும் வாழும் பழங்குடி மக்கள். தலாசரி, டஹாணு, ஜவ்ஹார் வட்டங்கள் இவர்கள் செறிந்து வாழும் பகுதிகள். முன்பு தாணே மாவட்டத்தில் இருந்த இந்த வட்டங்கள் 2014 முதல் பால்கர் மாவட்டத்தில் இருக்கின்றன. நெல்லே இவர்களின் முதன்மைப் பயிர்.

இவர்கள் வீட்டில் திருமணம் என்றால் சுவரைச் சாணமிட்டு மெழுகி, செம்மண் பூசி, அரிசியை ஊறவைத்து அரைத்த மாவால் எழுதுவார்கள். மூங்கில் குச்சியின் நுனியை மென்று நாராக்கினால் அதுதான் தூரிகை. நம் ஊர் மாக்கோலத்துக்கு வேண்டிய அதே அரிசி மாவுதான். கோலம் தரையில் இருக்கிறது, இது சுவரில் ஏறி நிற்கிறது. நடுவில் ‘சௌக்’ என்னும் சதுரம். அதற்குள் பாலகாட் என்னும் தாய்த் தெய்வம். சதுரத்தைச் சுற்றிக் காடும் வயலும் விலங்குகளும் மனிதர்களும். சௌக் எழுதாமல் திருமணம் நிறைவேறாது. எழுதுகிறவர்கள் மணமான பெண்கள். பலர் கூடி எழுதுவது வழக்கம், யாரும் பெயர் போடுவதில்லை. திருமணம் முடிந்து மழைக்காலம் வந்தால் மாவு உதிர்ந்துவிடும். அடுத்த திருமணத்துக்குப் புதிதாக எழுதுவார்கள்.

காடும் வயலும்

இந்தப் படங்களில் காடு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. அதற்குக் காரணம் அவர்களின் விவசாய முறை. நாற்றங்கால் போடுவதற்கு முன் மரக்கிளை, இலை தழை, சாணம் ஆகியவற்றைப் பரப்பி எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். ‘ராப்’ என்று அதற்குப் பெயர். கிளை வெட்டக் காடு இல்லையென்றால் நாற்று இல்லை. நாற்று இல்லையென்றால் சோறு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு காடுகளை அளந்து தன் சொத்தாக்கியது. 1878ஆம் ஆண்டின் வனச் சட்டம் காப்புக்காடு என்ற வேலியை இறுக்கியது. தேக்கு அரசுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் போனது. நாற்றங்காலுக்குக் கிளை ஒடித்த வார்லி குற்றவாளி ஆனார். அதற்குப் பின்னும் அவர்கள் சுவரில் காட்டையும் வயலையும் ஒன்றாகவே எழுதினார்கள்.

புலியும் அப்படித்தான். வார்லிகளுக்கு அது வாகோபா என்னும் தெய்வம். மரப்பலகையிலும் கல்லிலும் உருவம் செதுக்கி, அறுவடைக் காலத்தில் படையல் வைக்கிறார்கள். மாட்டையும் மனிதரையும் அடிக்கக்கூடிய விலங்கு என்பதை அறிந்தவர்கள்தான் அதற்கும் தங்கள் சுவரில் இடம் கொடுத்தார்கள். வேட்டையாடி மாட்டிய புலித்தலையை அரண்மனைச் சுவர்களில் பார்த்திருக்கிறோம். உயிரோடு நிற்கும் புலியை இந்தக் குடிசைச் சுவர்களில் பார்க்கிறோம். இரண்டு பண்பாடுகளும் விலங்கை எப்படிப் பார்த்தன என்பதற்கு இதுவே போதும்.

கல்யாண அடிமை

இனி அந்தச் சுவருக்குப் பின்னால் போவோம். நிலம் கைமாறி வட்டிக்காரர்களிடமும் வெளியிலிருந்து வந்த நிலவுடைமையாளர்களிடமும் போனபின், வார்லிகள் தங்கள் பழைய நிலத்திலேயே குத்தகைக்காரர் ஆனார்கள். நிலவுடைமையாளரின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்கு ‘வேட்’ என்று பெயர். நம் ‘வெட்டி வேலை’யின் உடன்பிறப்பு அந்தச் சொல்.

அதைவிடக் கொடியது இன்னொரு சொல்: ‘லக்னகடி’. லக்னம் என்றால் திருமணம், கடி என்றால் ஆள். திருமணச் செலவுக்காக நிலவுடைமையாளரிடம் சிறு தொகை கடன் வாங்கியவர், அதைத் தீர்க்கும்வரை அவரிடம் அடிமையாக உழைக்க வேண்டும். கடன் தீர்வதே இல்லை. கணவன் வயலிலும், மனைவி அவர் வீட்டிலும், பிள்ளைகள் மாட்டுக் கொட்டகையிலும் உழைத்தார்கள். பெண்கள்மீது பாலியல் வன்முறையும் நடந்தது.

தஞ்சைப் பண்ணையாள் முறையை அறிந்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அங்கேயும் கல்யாணக் கடனே பலரைத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு கட்டிப்போட்டது.

எந்தத் திருமணத்துக்காகப் பெண்கள் அரிசி மாவில் பாலகாட்டை எழுதினார்களோ, அந்தத் திருமணமே பலருக்கு அடிமைச் சாசனமாகவும் இருந்தது. சுவரில் விளைச்சலின் தாய் நின்றாள். சுவருக்கு வெளியே விளைச்சல் முழுவதும் வேறொருவர் களஞ்சியத்துக்குப் போனது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தக் கலை விமர்சனமும் அரைகுறைதான்.

1945

1945 ஜனவரியில் டிட்வாலாவில் நடந்த கிசான் சபா மாநாட்டுக்கு வார்லிகள் சிலர் வந்தார்கள். அவர்களுடைய ஊர்களுக்குக் கோதாவரி பருலேகரும் ஷாம்ராவ் பருலேகரும் போனார்கள். அந்த ஆண்டு மே மாதம் ஜரி கிராமத்தில் ஆயிரக்கணக்கான வார்லிகள் திரண்டு, இனி வெட்டி வேலை செய்வதில்லை என்று உறுதி எடுத்தார்கள். லக்னகடிகள் விடுவிக்கப்பட்டார்கள். தொடர்ந்து புல் வெட்டும் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தது. அக்டோபர் 10 அன்று தல்வாடாவில் கூடியிருந்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இந்த வரலாற்றைக் கோதாவரி பருலேகர் மராத்தியில் நூலாக எழுதினார். அந்நூல் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

தலாசரி வட்டத்தின் தாமண்காவ் கிராமத்தில் 1934இல் பிறந்த ஒரு சிறுவனுக்கு அப்போது வயது 11. தாயை இழந்தபின் பல ஆண்டுகள் பேசாமலேயே இருந்து, மண்ணில் கோடு கிழித்துத் தன் மனதைச் சொன்ன பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர்தான் ஜிவ்யா சோமா மாஷே.

சுவரிலிருந்து தாளுக்கு

1960களின் பிற்பகுதியில் பீகாரில் கடும் வறட்சி. புபுல் ஜெயகர் தலைமையிலான கைவினை வாரியம், மிதிலைப் பெண்களுக்கு வருமானம் கிடைக்க, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதவைக்கும் பொறுப்பை மும்பை ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியிடம் ஒப்படைத்தது. அதே குல்கர்ணி 1970களின் தொடக்கத்தில் வார்லிப் பகுதிக்கும் காகிதத்தோடு வந்தார். மாஷேயின் கை அப்போதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 1976இல் தேசிய விருது, 2011இல் பத்மஸ்ரீ, ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கண்காட்சிகள். பெரிய தாள் முழுவதும் நூல் நூலாகப் பின்னிக்கிடக்கும் அவருடைய மீன்வலையைப் பார்த்தவர்கள், கோடு எவ்வளவு பொறுமையானது என்பதை அறிவார்கள். 2018இல் அவர் மறைந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, பெண்கள். சுவரில் எழுதியவர்கள் பெண்கள். தாளும் பணமும் பெயரும் வந்தபோது முன்னுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாஷேயின் மேதைமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சடங்கிலிருந்து சந்தைக்கு ஒரு கலை போகும்போது பெண்ணின் உழைப்பு பெயரில்லாமல் போவதை, அது ஒடுக்கப்பட்டோர் சமூகத்துக்குள் நடந்தாலும், நாம் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, வகைப்பாடு. மாஷேயின் படம் வெகுகாலம் ‘கைவினை’ என்ற கணக்கில்தான் இருந்தது. நகரத்து ஓவியர் வரைந்தால் கலை, காட்டு ஊர்க்காரர் வரைந்தால் கைவினை. பறை நாட்டுப்புறம் என்றும், சபையில் பாடுவது செவ்வியல் என்றும் பிரித்த அதே கைதான் இங்கேயும் வேலை செய்கிறது. கலைக்கு விலை உண்டு, கைவினைக்குக் கூலி. கூலி என்றால் பேரம் பேசலாம், பெயரை விட்டுவிடலாம், யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம்.

நிலவுடைமையாளர் இல்லாத படம்

நாம் பார்த்த வார்லிப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஒருவரைக் காணவில்லை: நிலவுடைமையாளர். வட்டிக்காரரும் இல்லை, வன அதிகாரியும் இல்லை. உழுகிறவர், நடுகிறவர், அறுக்கிறவர், உலக்கை பிடிப்பவர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு. தார்ப்பா என்னும் சுரைக்குடுக்கை ஊதுகருவியை வாசிப்பவரைச் சுற்றிக் கைகோத்து ஆடும் வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் என்ற ஏற்றத்தாழ்வு இல்லை. அரசவை ஓவியங்களில் மன்னர் பெரிதாகவும் ஏவலர் சிறிதாகவும் இருப்பார்கள். விவசாயி இருந்தால் ஓரத்தில் இருப்பார்.

துன்பத்தை மறைத்துவிட்ட படம் என்று இதைச் சொல்வாரும் உண்டு. நாம் அப்படிப் படிக்கவில்லை. பட்டா யார் பெயரில் இருந்தாலும், வயலை உண்டாக்கியவர் யார் என்பதை அந்தச் சுவர் மாற்றிச் சொல்லவில்லை. உழைப்பவரையும் அவரோடு வாழும் உயிர்களையும் மட்டும் உள்ளே விட்ட உலகம் அது. அதற்குக் ‘கவலையற்ற வாழ்க்கை’ என்று பெயர் வைப்பது, அவர்கள் உள்ளே விடாதவரை விளக்கச் சீட்டின் வழியாகக் காப்பாற்றுவதாகும்.

சுவர் வேண்டும், வீடு வேண்டாம்

இன்று வார்லி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் முக்கோண மனிதர்களை அச்சடித்து விற்கும் எல்லோரும் எந்த வார்லிக்காவது பங்கு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

மும்பையின் ஆரே காட்டுக்குள்ளும் வார்லிக் குடியிருப்புகள் உண்டு. சிறுத்தைகள் நடமாடும் அந்தக் காட்டில் வாகோபாவுக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக அங்கே இரவோடு இரவாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. தடுக்க வந்தவர்கள் கைதானார்கள். காலங்காலமாக அங்கே வாழ்ந்தவர்களைப் பார்த்து, நீங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள். பால்கர் மாவட்டத்தில் புல்லட் ரயிலுக்கு நிலம் போனது. டஹாணுவை அடுத்த வாத்வன் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மீனவர்களும் ஆதிவாசிகளும் அதை எதிர்த்து நிற்கிறார்கள். மாஷேயின் வலையில் துள்ளிய மீன்களின் கதியும் அதில் அடங்கியிருக்கிறது.

படம் வேண்டும், படத்தில் உள்ள மரம் வேண்டாம். புலி வேண்டும், புலியைத் தெய்வமாக வைத்திருக்கும் குடியிருப்பு வேண்டாம். இதற்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு வார்லிப் படத்தின் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வரைந்தவர் பெயர் எங்கே? பணம் யாருக்குப் போனது? படத்தில் இருக்கும் நிலம் இன்று யாரிடம் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் கடைக்காரரிடம் பதில் கேட்கலாம். மூன்றாவது கேள்வியை அரசிடம் கேட்க வேண்டும். 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அது கிராமத்துக்கு வந்து பட்டாவாகக் கையில் சேரும்வரை, வார்லிகளோடும், நம் மலைகளில் பட்டாவுக்காகக் காத்திருக்கும் பழங்குடி மக்களோடும் சேர்ந்து கேட்பது நம் கடமை.

ஜெய்பீம்.