வெற்றிவேற்கை: தென்காசியில் பிறந்த பாலபாடமும் தொடக்கப் பள்ளி மொழிக்கல்வியும்

வெற்றிவேற்கை என்பது தென்காசியிலிருந்து ஆட்சி செய்த அதிவீரராம பாண்டியர் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய நீதி நூலாகும். நறுந்தொகை என்பது இதன் மற்றொரு பெயர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றோடு இந்நூலும் தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. இன்று இதை நீதி நூலாக மட்டுமே பார்க்கிறோம். ஆனால் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு மொழியைக் கற்றுக்கொடுத்த பாடநூலும் இதுதான். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லப்படும் நான்கு திறன்களும் நம் பள்ளிகளில் எப்படி வளர்ந்தன, எங்கே தளர்ந்தன என்பதை அறிய இந்நூலின் வரலாறு உதவுகிறது.

நூலும் ஆசிரியரும்

மதுரையை இழந்த பாண்டியர் மரபினர் தெற்கே வந்து தென்காசியைத் தலைநகராகக் கொண்டனர். தென்காசி காசிவிசுவநாதர் கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியரால் எழுப்பப்பட்டது. அம்மரபில் வந்த அதிவீரராமர் அரசராகவும் புலவராகவும் விளங்கினார். நளன் கதையைக் கூறும் இவரது நைடதம் கடினமான நூல். அது புலவர்களுக்கே மருந்து என்று பழமொழி சொல்கிறது. அத்தகைய நூலை எழுதிய அதே கை, குழந்தைகளின் நாவில் எளிதில் ஏறும் சிறு நூலையும் எழுதியது.

வெற்றிவேற்கையின் தொடக்கப் பகுதியில் ஒவ்வொருவருக்கும் எது அழகு என்று சொல்லும் வரிகள் அடுக்கடுக்காக வருகின்றன. வாக்கிய அமைப்பு ஒன்றே. சொற்கள் மட்டும் மாறுகின்றன. இன்றைய மொழிப் பயிற்சி ஏடுகளில் வரும் மாதிரி வாக்கியப் பயிற்சியும் இதே வகையைச் சேர்ந்தது. கல்வியின் அழகு பிழையில்லாமல் பேசுவதில் இருக்கிறது என்ற கருத்தையும் அங்கேயே காணலாம். போகப் போக வரிகள் நீள்கின்றன. பெரிய பனம்பழத்தின் விதை வளர்ந்தும் ஒருவருக்குக்கூட நிழல் தருவதில்லை, மிகச் சிறிய ஆலம்விதையோ ஓர் அரசனின் படைக்கே நிழல் தருகிறது என்னும் உவமை அப்பகுதியில் வருவதே.

திண்ணைப் பள்ளியின் படிநிலை

திண்ணைப் பள்ளிப் பாடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்தது. வரிக்கு இரண்டு மூன்று சொற்களே. கொன்றைவேந்தனும் அகர வரிசையில் வருவதே. ஆனால் வரிகள் சற்று நீளமானவை. வெற்றிவேற்கைக்கு வரும்போது குழந்தை அகர வரிசையின் துணையின்றிப் பொருள் தொடர்பைப் பிடித்துச் செல்ல வேண்டும். எழுத்து, சொல், சொற்றொடர், கருத்து என்று பாடம் படிப்படியாக உயர்கிறது.

கற்பித்த முறையும் கவனிக்கத்தக்கது. குழந்தை தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதியது; எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொன்னது. காது, வாய், கண், விரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. ஆசிரியர் எழுதிக் கொடுத்த மேல்வரிச் சட்டத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டனர். மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இப்பள்ளிகளின் அன்றாட நடைமுறையை உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

மணலில் எழுதியது கடல் கடந்தது

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் தொடங்கிய பள்ளி ‘மதராஸ் கல்லூரி’ என்றே இன்றும் அழைக்கப்படுகிறது.

விடுபட்டவை

திண்ணைப் பள்ளியைப் புகழ்வதோடு நிறுத்திவிட முடியாது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக 1826ஆம் ஆண்டின் குறிப்பில் அவர் எழுதினார். அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். மாணவர்களில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை.

இதில் ஒரு வேதனையான முரண் இருக்கிறது. எந்தக் குடியில் பிறந்தாலும் கற்றவரை உலகம் மேலே வருக என்று வரவேற்கும் என்பது வெற்றிவேற்கையின் கருத்துகளில் ஒன்று. அந்த வரிகளைக் குழந்தைகள் உரக்க ஒப்பித்த திண்ணையிலேயே எல்லாக் குடிப் பிள்ளைகளும் உட்கார முடியவில்லை.

இரண்டாவது குறை பொருள் விளங்காமை. பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823இல் தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி அனுப்பிய அறிக்கையில், பிள்ளைகள் படிக்கும் செய்யுள் மொழி பேச்சு மொழியிலிருந்து விலகியிருப்பதால் பொருள் அறியாமலே ஒப்பிக்கின்றனர் என்று குறிப்பிட்டார். அவர் கண்டவை தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். ஆனாலும் தமிழ்த் திண்ணைகளுக்கும் அது பொருந்தும்.

அச்சுப் புத்தகமும் புதிய பள்ளியும்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி திருநெல்வேலிச் சீமையில் பல பள்ளிகளைத் தொடங்கினார். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் கல்வியின் கதவு திறந்ததில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அச்சிட்ட உரைநடைப் பாடமும், பாடத்தின் பொருளைக் கேட்கும் வினாக்களும் வகுப்பறைக்குள் வந்தன. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனால் பலகை, புத்தகம், தேர்வு என்று கல்வி மாறியபோது எழுத்து முன்னே வந்தது. குரல் பின்னே போனது. பார்த்து எழுதத் தெரிந்த பிள்ளை வாய் திறந்து நான்கு வாக்கியம் சொல்லத் தயங்கும் நிலை உருவானது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் சீரானது. விதிவிலக்கான வடிவங்களைத் தனியே மனப்பாடம் செய்யும் சுமை குறைந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவியது. குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்றனர். எழுத்துகளை அகர வரிசையில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. ப, ட, ம ஆகிய மூன்றும் அவற்றின் புள்ளி எழுத்துகளும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று உடனே சொற்களைப் படித்துவிடலாம் அல்லவா?

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்பப் பாடங்கள் பிரிக்கப்பட்டன. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குத் திரும்பின.

குற்றாலத்தின் பாடம்

தென்காசிப் பகுதிக் குழந்தை வீட்டில் ‘அங்கன’, ‘வாராவ’ என்று பேசுகிறது. புத்தகத்தில் ‘அங்கே’, ‘வருகிறார்கள்’ என்று படிக்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டைப் பகுதியில் மலையாளத்தின் வாடையும் உண்டு. வீட்டு மொழியைத் தவறென்று அதட்டினால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அதைப் பேசவிட்டு, பிறகு நூல்மொழியைக் காதில் விழச் செய்வதே இந்த இடைவெளியைக் கடக்கும் வழி.

அதற்கான பொருள் இங்கேயே இருக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவரது திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதி, பேசிக் காட்டவும் நடித்துக் காட்டவும் ஏற்றது. பள்ளிப் பாடநூல்களிலும் அது இடம்பெற்றிருக்கிறது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லிக் காதால் அனுபவிக்க வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர்.

பழைய திண்ணை காதையும் நாவையும் நன்றாகப் பழக்கியது; பொருளையும் சமத்துவத்தையும் தரத் தவறியது. புதிய பள்ளி அந்த இரண்டையும் தர முயன்றது. குரலைக் கைநழுவ விட்டது. ஆகவே இன்றைய ஆசிரியர் இரண்டையும் இணைக்கலாம். ஆலம்விதை, பனம்பழ உவமையை முதலில் கதையாகச் சொல்லலாம். குழந்தைகள் தம் ஊர்ப் பேச்சில் அதைத் திருப்பிச் சொல்லட்டும். பள்ளிக்கு வெளியே நிற்கும் ஆலமரத்தையும் பனைமரத்தையும் போய்ப் பார்க்கட்டும். அதன் பிறகு செய்யுளைச் சேர்ந்து படித்து, சொந்தமாக இரண்டு வரி எழுதட்டும். நான்கு திறன்களும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை; ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கும் அளவுக்கு நேரம் ஒதுக்கினால் போதும்.