ஒரே ஒரு 'சிஸ்டம்' வரி

பெரிய எந்திரங்களை ஓட்டும் மென்பொருளில் 'சீக்வென்ஸ்'னு ஒரு பகுதி உண்டு. பம்பை ஓட்டு, வெற்றிடம் வந்துச்சான்னு பாரு, வந்தா வால்வைத் திற, பத்து நிமிஷத்துல வரலேன்னா கத்து... இப்படி வரிசையாப் போற லாஜிக். நடுவுல "வெளியில இருக்கிற அந்த புரோகிராமை ஓட்டு"ன்னு சொல்லணும்னா? ஒரு வரி வேலைதானேன்னு நானும் நினைச்சேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால இருக்கிற கதைதான் இது.

1980களின் கடைசி. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜிடிஏன்னு ஒரு துகள் முடுக்கி கட்டிக்கிட்டு இருந்தாங்க. ரீகனோட 'நட்சத்திரப் போர்' திட்டக் காசு! அதுக்கு எழுதின கட்டுப்பாட்டு மென்பொருள், சிகாகோ பக்கத்துல ஆர்கான் ஆய்வகம் கட்டவிருந்த ஏபிஎஸ் முடுக்கிக்கும் தோதா இருந்துச்சு. 1989ல் ரெண்டு பேரும் கைகோத்தாங்க. அதுதான் பின்னாடி எபிக்ஸ். போர்த் திட்டம் போன இடம் தெரியல, மென்பொருள் மட்டும் உலகம் பூரா முடுக்கிகளிலும் தொலைநோக்கிகளிலும் ஓடுது.

இதோட சீக்வென்சரை எழுதினவர் லாஸ் அலமோஸின் ஆண்டி கொசுபால். 'ஸ்டேட் நொட்டேஷன்'னு தனி மொழியே செஞ்சார். இன்ன நிலையில் இரு, இன்னது நடந்தா இதைச் செய், அடுத்த நிலைக்குப் போ. நடுவுல சி மொழி வரிகளையும் அப்படியே எழுதலாம்.

அப்போ வெளி புரோகிராமைக் கூப்பிடறது சுலபம்தானே? இல்லைங்க. சீக்வென்ஸ் ஓடினது விஎம்இ பெட்டிக்குள்ள, விஎக்ஸ்வொர்க்ஸ்ங்கிற இயங்குதளத்தில் (1997ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரிலும் இதே ஆள்தான்). அந்தக் காலத்து விஎக்ஸ்வொர்க்ஸில் யூனிக்ஸ் மாதிரி தனித்தனி புரோகிராம்களைக் கிளப்பற சமாச்சாரமே கிடையாது. எல்லா வேலையும் ஒரே நினைவகத்துக்குள்ள. யூனிக்ஸ் புரோகிராம் இருந்ததோ அந்தப் பக்கம் வொர்க்ஸ்டேஷன்ல.

அதனால சுத்தி வளைச்சாங்க. சீக்வென்ஸ் ஒரு மாறியில் 1ன்னு எழுதும். வொர்க்ஸ்டேஷன்ல ஒரு புரோகிராம் நெட்வொர்க் வழியா அதைப் பார்த்துக்கிட்டே இருந்து, வேலையை முடிச்சு, இன்னொரு மாறியில் பதில் எழுதும். ஒரு வேலைக்கு ரெண்டு மாறி, ஒரு காவல்காரன்.

2000களின் தொடக்கத்தில் எபிக்ஸ் 3.14 வந்ததும் எல்லாம் லினக்ஸிலேயே ஓட ஆரம்பிச்சுது. சுவர் போச்சு! 'சிஸ்டம்'னு ஒரு சி வரி போட்டா வெளி புரோகிராம் ஓடும்.

வீட்டு லினக்ஸ் பொட்டியில் நானும் போட்டுப் பார்த்தேன். அறுபது விநாடி தூங்குற புரோகிராமைக் கூப்பிட்டு, அஞ்சு விநாடியில் கோளாறு நிலைக்குப் போன்னு எழுதியிருந்தேன். போகவே இல்லை. ஏன்னா அந்த வரி திரும்பி வர்ற வரைக்கும் எந்த நிபந்தனையும் பரிசோதிக்கப்படாது. ஒவ்வொரு நிலைத்தொகுதியும் தனி திரெட்ங்கிறதால மத்தது ஓடிச்சு, இது மட்டும் கண்ணை மூடிக்கிச்சு. நிஜ எந்திரத்துல அந்த நேரம் பார்த்து வெற்றிடம் கெட்டா? (நல்லவேளை, ஆளைக் காப்பாத்தற இன்டர்லாக் எல்லாம் இதை நம்பி இல்லை, தனி வன்பொருள்.)

வரிக் கடைசியில் '&' போட்டா உடனே திரும்பிடும். ஆனா வேலை ஆச்சா இல்லையான்னு தெரியாது. அது இன்னும் மோசம்னு சொல்வேன். தொங்கி நின்னாலாவது கண்ணுக்குத் தெரியும்.

கடைசியில் பழைய வழிக்கே போனேன். ரெண்டு மாறி, ஒரு காவல்காரன். வசதி இல்லாத காலத்துல வேற வழியில்லாம செஞ்ச ஏற்பாட்டில், சீக்வென்ஸ் எதுக்காகவும் நிக்கிறதே இல்லை, பதிலுக்குக் காத்திருக்கிறதும் ஒரு நிலைதான். முப்பது விநாடி கெடு வெச்சேன். வேலை நடுவுல வெளி புரோகிராமை 'கில்' பண்ணிப் பார்த்தேன். முப்பதாவது விநாடியில் சீக்வென்ஸ் தானாவே கோளாறு நிலைக்குப் போய் நின்னுச்சு.