கரைப்பான் எண்ணெய் ஆலைகள்: மூடிய சுற்றைத் திறக்கும் வேளையே ஆபத்தானது

நாட்டில் விற்பனையாகும் தவிட்டெண்ணெய், சோயா எண்ணெய் ஆகியவற்றின் பெரும்பகுதி பிழிந்து எடுக்கப்படுவதில்லை. ஹெக்சேன் என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தே எடுக்கப்படுகிறது. பிழியும் இயந்திரம் புண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் வரை எண்ணெயை விட்டுவைக்கும். கரைப்பான் முறையில் எஞ்சுவது ஏறத்தாழ 1 சதவீதமே. 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் மட்டுமே கொண்ட அரிசித் தவிட்டிலிருந்து இலாபகரமாக எண்ணெய் எடுக்க இதைவிட்டால் வேறு வழியில்லை எனலாம். பஞ்சாப், மேற்கு வங்கம், ஆந்திரம் போன்ற நெல் விளையும் மாநிலங்களிலும், சோயா விளையும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்திலும் இத்தகைய ஆலைகள் பரவலாக இயங்குகின்றன.

இம்முறையில் கரைப்பான் ஒரு மூடிய சுற்றில் சுழல்கிறது. தவிடு அல்லது விதைச் செதில்களின் மீது 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஹெக்சேன் பொழியப்படுகிறது. எண்ணெயும் கரைப்பானும் கலந்த திரவம் 'மிசெல்லா' எனப்படும். அதை நீராவியால் சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிப் பிரிய, எண்ணெய் தங்கிவிடும். ஈரப் புண்ணாக்கில் ஊறியிருக்கும் ஹெக்சேனும் நீராவியால் விரட்டப்படுகிறது. இரு வழிகளிலும் வரும் ஆவி கண்டென்சர்களில் குளிர்ந்து மீண்டும் திரவமாகி, தண்ணீரிலிருந்து பிரிக்கப்பட்டு, தொட்டிக்குத் திரும்புகிறது.

சுற்று மூடியிருக்கும் வரை உள்ளே இருப்பது பெரும்பாலும் கரைப்பான் ஆவியே. எரிவதற்குத் தேவையான காற்று அங்கு இல்லை. காற்றில் ஹெக்சேன் ஆவி 1.1 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 7.5 சதவீதத்துக்கு மிகுந்தாலும் தீப்பற்றாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே வெடிக்கும் நிலை. ஆலையைத் தொடங்கும்போதும், நிறுத்தும்போதும், பழுது பார்க்கத் திறக்கும்போதும் உள்ளிருக்கும் கலவை அந்த இடைநிலையைக் கடந்தே தீர வேண்டும். சீராக ஓடும் ஆலையைவிடப் பாதி நின்ற ஆலை ஆபத்தானது என்று இத்துறையினர் கருதுவதற்குக் காரணம் இதுவே.

ஹெக்சேனின் தீப்பற்றுநிலை சுழியத்துக்குக் கீழே சுமார் 22 டிகிரி. அதாவது நம் நாட்டின் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும், எந்தப் பருவத்திலும், சிந்திய ஹெக்சேன் ஒரு பொறி பட்டாலே எரியும். பெட்ரோலைப் போலவே இதுவும் 'ஏ' வகுப்பு பெட்ரோலியமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இதைப் பேரளவில் சேமிக்க, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். இதன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ 3 மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளங்களிலும் கேபிள் கால்வாய்களிலும் வடிகால்களிலும் தேங்கும். 1 லிட்டர் ஹெக்சேன் முழுவதும் ஆவியானால், சுமார் 17 கன மீட்டர் காற்றை, அதாவது ஒரு சிற்றறை முழுவதையும், வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது.

இந்நிலையில் கரைப்பான் இழப்புக் கணக்கு என்பது வெறும் செலவுக் கணக்கு அன்று. நாளொன்றுக்கு 300 டன் தவிடு கையாளும் ஆலை ஒன்றில் டன்னுக்கு 4 லிட்டர் இழப்பு என்று கொண்டால், தினமும் 1,200 லிட்டர் ஹெக்சேன் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். நேற்றுவரை 4 லிட்டராக இருந்த இழப்பு இன்று 6 லிட்டரானால், கொள்முதல் பிரிவு கவலைப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பிரிவு விழித்துக்கொள்ள வேண்டும். மூக்கை நம்பிக் கசிவைத் தேடுவது வீண். நாள் முழுவதும் அந்த வாசனையிலேயே இருப்பவருக்கு அது உறைப்பதில்லை. ஆவியளவு காட்டும் கருவியே நம்பத்தக்கது.

இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதைச் சுற்றைத் திறக்காமலேயே பெரும்பாலும் கண்டறியலாம். வெளிப்போக்குக் குழாயில் ஆவி மிகுந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது கண்டென்சரையே. குளிர்நீரில் உள்ள உப்பு குழாய்களின் உட்புறம் படிந்து வெப்பப் பரிமாற்றத்தைத் தடுத்திருக்கலாம். நீரின் உள்வரவு, வெளிவரவு வெப்பநிலைகளையும் நீரோட்டத்தின் அளவையும் முந்தைய வாரப் பதிவுகளுடன் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். கண்டென்சரில் குறையில்லை எனில், வெற்றிடத்தில் இயங்கும் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். இங்குள்ள கசிவு வஞ்சகமானது. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் ஹெக்சேன் வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே புகும். வாசனையும் இராது, ஈரமும் இராது. வெற்றிடமானியின் முள் மெல்லத் தளர்வதே அறிகுறி. எரியும் கலவை உருவாவதோ கலத்துக்குள்ளேயே.

நீரும் கரைப்பானும் பிரியும் தொட்டியில் தெளிவான எல்லைக்கோடு மறைந்து, பால்போன்ற கலங்கல் தென்பட்டால், ஆவியோடு புண்ணாக்குத் தூள் அடித்து வரப்படுகிறது என்று கொள்ளலாம். நன்கு குருணையாக்கப்படாத தவிட்டில் இது அடிக்கடி நிகழும். அதே தூள் பிரித்தெடுக்கும் கலத்தின் படுகையையும் அடைத்து, கரைப்பானைக் கீழிறங்க விடாமல் தேக்கும். கலங்கலைக் கவனியாமல் விட்டால் கழிவுநீரோடு ஹெக்சேன் வடிகாலுக்குப் போய்விடும். ஆகவேதான் அந்நீரை வெளியேற்றுமுன் 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி எஞ்சிய கரைப்பானை மீட்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கின்றனர் வல்லுநர்கள்.

வடிகாலைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் லூயிவில் நகரம் சான்று. ரால்ஸ்டன் பூரினா நிறுவனத்தின் சோயா ஆலையிலிருந்து ஹெக்சேன் நகரின் கழிவுநீர்க் குழாய்களில் கலந்தது. 1981 பிப்ரவரி 13-ஆம் தேதி விடியற்காலை, அவ்வழியே சென்ற ஒரு காரிலிருந்து எழுந்த பொறியில் அந்த ஆவி பற்றிக்கொண்டது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சாலைகள் பிளந்தன. விடியாத வேளை என்பதால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

நம் ஆலைகளுக்கே உரிய இடர் மின்தடை. மின்சாரம் போனதும் குளிர்நீர் பம்ப் நின்றுவிடும். ஆனால் கொதிகலனில் நீராவி அழுத்தம் உடனே அடங்காது. குளிர்விப்பின்றி நீராவி மட்டும் பாய்ந்துகொண்டிருந்தால் ஹெக்சேன் ஆவி கண்டென்சரைக் கடந்து வெளியேறும். எனவே மின்தடையின்போது நீராவி வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். குளிர்நீர் பம்ப்புக்குத் தனி ஜெனரேட்டர் இணைப்பும் தேவை. மின்சாரம் திரும்பியதும் முதலில் குளிர்நீர், அதன் பின்னரே நீராவி. உற்பத்தி அவசரத்தில் இந்த வரிசையை மாற்றுவது மன்னிக்க முடியாத பிழை.

இதனினும் பெரிய சோதனை, ஓட்டம் தடைப்பட்டு ஈரப் புண்ணாக்கு கன்வேயரில் இறுகிக்கொள்ளும்போது வருகிறது. ஆய்வுக் கதவைத் திறந்து கம்பியால் குத்திவிடலாம் என்று தோன்றும். திறந்த கணமே காற்று புகும். இரும்புக் கம்பி உரசினால் பொறி எழும். மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, இருபுறமும் வழியடைத்து, நீராவியோ நைட்ரஜனோ செலுத்தி ஆவியை விரட்டி, கருவியால் அளந்து உறுதிசெய்த பின்னரே திறக்க வேண்டும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தைத் தர மறுக்கும் நிர்வாகத்தை எந்தக் கருவியாலும் காப்பாற்ற இயலாது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இதில் தெளிவாக இருந்தது. எரியக்கூடிய பொருள் இருந்த கலத்தில், அப்பொருளும் அதன் ஆவியும் நீக்கப்படாமல் வெல்டிங்கோ வெட்டுதலோ கூடாது என்றது 37-ஆவது பிரிவு. அபாயகரமான ஆவி இருக்கக்கூடிய கலத்துக்குள் இறங்குவோருக்கு, தகுதியுள்ளவர் சோதித்து அளித்த எழுத்துச் சான்று வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த இடுப்புவாரும் கட்டாயம் என்றது 36-ஆவது பிரிவு. உள்ளே எடுத்துச் செல்லும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. இவ்வளவு பழைய விதிகள் இன்றும் காகிதத்தில் மட்டுமே நிற்கும் இடங்கள் உண்டு என்பது வருந்தத்தக்கது.

தீ ஒருபுறமிருக்க, ஹெக்சேன் ஆவியை நீண்டகாலம் சுவாசிப்பது நரம்புகளைத் தாக்கும். உடலில் அது 2,5-ஹெக்சேன்டையோன் என்னும் பொருளாக மாறி, கை கால் நரம்புகளைச் சிதைக்கிறது. விரல் நுனிகளில் மரத்துப்போதலும் நடையில் தளர்ச்சியும் முதல் அறிகுறிகள். பணியாளர் இவற்றைச் சோர்வென்று எண்ணிவிடுவது எளிது. ஆலை மருத்துவர் கேட்டறிய வேண்டும். நுகர்வோரைப் பொறுத்தவரை, சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் ஹெக்சேன் எச்சம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேற்படக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு விதித்துள்ளது.