365-ஆல் வகுத்தவனும் ஷாங்க்ஸும்

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு 365 என்ற எண் பழைய சிநேகிதன் மாதிரி. அசலை வட்டி விகிதத்தாலும் நாட்களாலும் பெருக்கி 36500-ஆல் வகுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், மேசையில் ஒரு சின்ன கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இதைத்தான் செய்து கொண்டிருந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். புள்ளிக்குப் பின்னால் 2739726 என்ற வரிசை அடிக்கடி எட்டிப் பார்க்கும். பைசாவை முழுமையாக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். ஏன் அப்படி என்று யோசிக்க நேரமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு யோசித்தேன். காரணம் எளிது. 365 என்பது 5 பெருக்கல் 73. ஒன்றை 73-ஆல் வகுத்தால் 01369863 என்ற எட்டு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். 365-ஆல் வகுத்தால் 02739726. இதை இரண்டாக வெட்டிக் கூட்டிப் பாருங்கள்: 0273 + 9726 = 9999. ஏழால் வகுத்தால் வரும் 142857-லும் இப்படித்தான்; 142 + 857 = 999. இந்த விஷயத்தை மிடி என்ற பிரெஞ்சுக்காரர் 1836-ல் எழுதி வைத்தார்.

இலக்கங்கள் ஏன் திரும்பி வருகின்றன? ஏழால் வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரைதான் இருக்க முடியும். 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறும் வந்து தீர்ந்ததும், பழைய மீதியே திரும்புகிறது. ஆகவே விடையும் திரும்புகிறது. ஆனால் 13-ஆல் வகுத்தால் பன்னிரண்டு மீதிகளும் வருவதில்லை; ஆறிலேயே சுழன்று விடுகிறது. 73-க்கு எழுபத்திரண்டு வர இடமிருந்தும் எட்டுதான். எந்தப் பகா எண்ணுக்கு எத்தனை என்று பார்த்தவுடன் சொல்ல வழியில்லை. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் காஸ் 1801-ல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற எண்கணித நூலில் இதற்கு இடம் ஒதுக்கினார், அட்டவணையும் சேர்த்தார்.

அந்த அட்டவணை வேலையைத் தலையில் சுமந்தவர் வில்லியம் ஷாங்க்ஸ். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில், ஹூட்டன்-லெ-ஸ்பிரிங் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். 20,000-க்குட்பட்ட ஒவ்வொரு பகா எண்ணுக்கும் எத்தனை இலக்கங்கள் சுழலும் என்று அவர் கணக்கிட்டது, 1874-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதோடு நிற்கவில்லை, ஒரு லட்சத்தையும் தாண்டிப் போனார். கையில் பேனாவும் காகிதமும்தான்.

ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. பை எண்ணை 1873-ல் 707 தசம இடங்கள் வரை கணக்கிட்டார். பல்லாண்டு உழைப்பு. 1882-ல் இறந்தார். 1937-ல் பாரிஸ் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு வட்ட அறையின் சுவரில் அந்த 707 இலக்கங்களையும் பெரிதாகப் பதித்தார்கள். 1940-களின் நடுவில் ஃபெர்குசன் என்பவர் வேறு சூத்திரத்தால் சரிபார்த்தபோது, 528-வது இடத்திலேயே பிழை தெரிந்தது. அதற்குப் பிறகு வந்தவை அத்தனையும் வீண். 1949-ல் அந்தச் சுவரையும் திருத்தினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு மனசு சரியில்லை. லெட்ஜர் டேலி ஆகாமல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்தவர்களுக்கு அது புரியும். முதல் வாரத்தில் தப்பாகப் போட்ட ஒரு எண், வருஷக் கடைசி வரை கூடவே வரும். எங்களுக்காவது மறுநாள் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். ஷாங்க்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் போனது நல்லதா கெட்டதா என்று இன்றும் எனக்கு முடிவு தெரியவில்லை.

ஒரு ஆறுதல் உண்டு. ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, பகா எண்ணால் வகுத்து, மீதி எப்போது பழைய இடத்துக்குத் திரும்பும் என்ற அவருடைய கேள்வி வீணாகவில்லை. 1976-ல் டிஃபி, ஹெல்மன் இருவரும் ரகசியச் சாவியைப் பரிமாறிக்கொள்ள ஒரு வழி சொன்னார்கள். அதற்கு அடிப்படை இதே மாதிரி சுழலும் மீதிகள்தான். சுழற்சி மிக நீளமாக இருந்தால்தான் பூட்டு உறுதி.

இப்போது பேரனுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுக்கும்போது, விடையைத் தாளில் எழுதியதும் அடுத்த கணக்குக்கு ஓட விடுவதில்லை. "இன்னும் நாலு இலக்கம் போடுடா, என்ன வருதுன்னு பார்ப்போம்" என்கிறேன். போட்ட பிறகு இன்னொரு தடவை சரிபார்க்கவும் சொல்கிறேன்.