சூரிய களங்கங்களும் காந்தப் புயல்களும்

சூரிய களங்கம் என்பது சூரியனின் ஒளிமண்டலத்தில் தோன்றிச் சில நாட்களிலோ வாரங்களிலோ மறையும் கரும்பகுதியாகும்; அவ்விடத்தில் செறிந்துள்ள காந்த சக்தி, அடியிலிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுத்துவிடுவதால், சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் குறைந்து, அது நம் கண்ணுக்குக் கறுத்துக் காண்கிறது. களங்கங்கள் மலிந்த காலங்களில் சூரியன் வீசியெறியும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்த மண்டலத்தை வந்து தாக்கும்போது விளையும் கலக்கமே காந்தப் புயல்.

சீன தேசத்தார் வெறுங்கண்ணால் கண்டே இக்களங்கங்களைப் பண்டைக் காலத்தில் குறித்துவைத்தனர். தூரதரிசினி வந்தபின் கலிலியோவும் ஷைனரும் அவற்றை ஆராய்ந்தனர். ஆயினும் அவற்றின் ஒழுங்கை முதலில் உணர்ந்தவர், ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரத்து மருந்து வியாபாரியான ஹைன்ரிக் ஷ்வாபே என்பவரே. புதனுக்கும் உட்புறத்தே ஒரு கிரகம் உண்டென்றும், அது சூரிய பிம்பத்தைக் கடக்கையில் புள்ளியாகத் தென்படும் என்றும் கருதிய அவர், அப்புள்ளியைக் களங்கங்களினின்று பிரித்தறியும் பொருட்டு, 1826 முதல் மேகமில்லாத நாளெல்லாம் களங்கங்களை எண்ணிவந்தார். கிரகம் கிடைக்கவில்லை, ஆனால் களங்கங்கள் சுமார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை 1843-இல் அவரால் உலகுக்குச் சொல்ல முடிந்தது. பின்னர் ருடால்ப் வோல்ப் அக்காலவட்டம் சராசரி பதினோராண்டு எனத் திருத்தினார். விஞ்ஞானத்தின் பெரும்பேறுகள் பலவற்றுக்கு மேதைமையைக் காட்டிலும் இத்தகைய சிரத்தையே மூலதனம் என்பது என் துணிபு.

1859 செப்டம்பர் 1 அன்று, இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் திரையில் விழுந்த சூரிய பிம்பத்தை வரைந்துகொண்டிருக்கையில், ஒரு களங்கக் கூட்டத்தின்மேல் கண்கூசும் வெண்ணொளி எழுந்து ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கியது. பதினேழு மணி நேரத்துக்குப்பின் உலகெங்கும் காந்த ஊசிகள் துடித்தன. தந்திக் கம்பிகள் தாமே மின்சாரம் ஏற்று ஊழியர்களை அதிரச் செய்தன. துருவப் பிரதேசங்களுக்கே உரிய ஒளிக்கோலம் வெப்பமண்டல வானத்திலும் தோன்றியது. அன்றைய புயலின் உக்கிரத்தை இன்று விஞ்ஞானிகள் கணிப்பதற்குப் பம்பாய்க் கொலாபா ஆய்வகத்தில் அப்போது எழுதிவைத்த அளவுகள் பெரிதும் துணைபுரிகின்றன. களங்கத்தின் உயிர்நிலை காந்தமே என்பதை 1908-இல் அமெரிக்கர் ஜார்ஜ் ஹேல் நிரூபித்தார்.

இவ்வாராய்ச்சியில் தமிழகத்துக்கும் உரிமை உண்டு. சென்னை மாகாணம் பஞ்சங்களால் வாடிய காலத்தில், பருவமழைக்கும் சூரியனின் மாறுதல்களுக்கும் சம்பந்தம் உண்டோ என்ற கேள்வி எழுந்தது; சென்னையிலிருந்த வானாய்வுப் பணி 1899-இல் பழனி மலைமீது கொடைக்கானலுக்குப் பெயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே 1909-இல் ஜான் எவர்ஷெட், களங்கத்தின் நடுவிலிருந்து வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். அவ்வியக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1904-இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் அங்கே எடுத்த சூரியப் படங்களின் வரிசை உலகில் அரிய செல்வம்.

புயலின் தீங்கு கருவிகள் பெருகப் பெருக வளர்ந்தது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2019 டிசம்பரில் தொடங்கிய இருபத்தைந்தாம் காலவட்டம் உச்சத்தை நெருங்கிய 2024 மே மாதத்தில், இருபதாண்டுகளில் காணாத கடும் புயல் மூண்டபோது, லடாக்கின் ஹான்லே வானமும் சிவந்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்திருந்தது. சூரியனின் புறவளிமண்டலத்தை நோக்க அதில் பொருத்திய முதன்மைக் கருவியைச் செய்தளித்தது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்திவரும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனமே.